கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கடையில் எப்படிச் சோதிப்பது?

கேள்வி இது: தூத்துக்குடியில் இருக்கும் அப்பாவுக்கு 72 வயது. காலையில் வானொலிச் செய்தி, அப்புறம் கச்சேரி, சாயங்காலம் மொட்டை மாடியில் பழைய சினிமாப் பாட்டு. எல்லாம் இப்போது போன் ஸ்பீக்கரில்தான். 4,000 ரூபாய்க்குள் உள்ளங்கை அளவில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். ஒன்று ஜே.பி.எல். கோ 4, 4.2 வாட். இன்னொன்று அதிகம் கேள்விப்படாத கம்பெனி, விலை பாதி, ஆனால் பெட்டியில் 10 வாட், 1200 எம்.ஏ.எச்., 12 மணி நேரம், எஃப்.எம்., பென்டிரைவ் என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது, கடையில் எப்படிச் சோதிப்பது?

முதலில் அந்த 10 வாட்டை முடித்துவிடலாம். கடைக்காரர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். பேட்டரியில் இருப்பதற்குமேல் ஸ்பீக்கர் செலவழிக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. பேட்டரியின் அளவான 1200 எம்.ஏ.எச்.சை, லித்தியம் செல்லின் வழக்கமான 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.4 வாட்-மணி வரும். அதை 12 மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் சராசரிச் செலவு 0.37 வாட். நிஜமாகவே 10 வாட்டில் ஓடினால் அந்த பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்குக்கு விலக்கு இல்லை. கோ 4-க்கு முந்தைய கோ 3-ல் 750 எம்.ஏ.எச். பேட்டரி, 5 மணி நேரம் என்று சொன்னார்கள். வகுத்துப் பாருங்கள், 0.55 வாட். அதாவது 4.2 வாட் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் உங்கள் வீட்டில் பெரும்பாலான நேரம் அரை வாட்டில்தான் பாடிக்கொண்டிருக்கும். பாட்டில் திடீரென்று எழும் அடிகளுக்குத்தான் அந்த 4.2 தேவைப்படும்.

இன்னொரு விதமாகவும் இதைச் சரிபார்க்கலாம். சர்வீஸுக்கு வரும் மலிவு ஸ்பீக்கர்களைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே கதைதான்: ஒரு லித்தியம் செல், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் ஐ.சி., 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. ஐ.சி.க்கு 5 வோல்ட் கொடுத்தால் சிதையாமல் வரக்கூடியது சுமார் 3 வாட். 10 வாட் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 9 வோல்ட் வரை ஏற்றிக்கொடுக்கும் தனி சர்க்யூட் வேண்டும். பாதி விலை ஸ்பீக்கரில் அது இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அப்படியே 10 வாட் நிஜம் என்று வைத்துக்கொண்டாலும், 4.2-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் 4 டெசிபெல்லைத் தொடாது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே வாட்டை மறந்துவிடுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்த அளவு ஸ்பீக்கருக்குச் சில விஷயங்கள் முடியாது. தன்னால் முடியாததை முடிந்த மாதிரி காட்டாமல், முடிந்ததைச் சுத்தமாகக் கொடுக்கிறதா என்பதுதான் நல்லதுக்கும் மோசத்துக்கும் உள்ள வேறுபாடு. நான் சொல்லும் சோதனை எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத்தான்.

முடியாதது முக்கியமாக பேஸ். அடிச்சுருதிக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே போய் அதே சத்தம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றை நகர்த்த வேண்டும். நாலரை சென்டிமீட்டர் கோன் (காற்றைத் தள்ளும் கூம்பு) எவ்வளவுதான் முன்னும் பின்னும் ஆடும்? அதனால் எல்லாக் கம்பெனியும் ஓர் எல்லையில் கைவிடுகிறது. கோ வரிசையிலேயே அந்த எல்லை படிப்படியாக இறங்கி வந்திருப்பதைப் பார்க்கலாம்: 2018-ல் வந்த கோ 2-க்கு 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 180 அதிர்வு), 2020-ன் கோ 3-க்கு 110, 2024-ன் கோ 4-க்கு 90. கோ 2-விலிருந்து கோ 3-க்கு வந்தது காதுக்கே தெரிகிற மாற்றம். சாதாரண ஆண் குரலின் அடிச்சுருதி 85-லிருந்து 155 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் இருக்கும், அதனால் 180-ல் கைவிடும் ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரிதான் கேட்பார். பெயர் தெரியாத ஸ்பீக்கர் பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், அது மனிதக் காதின் எல்லையை எடுத்து அச்சடித்தது. அந்த ஸ்பீக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கச்சேரியில் ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகருக்குத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். கோ 4-ஆல் அதை ஒழுங்காக எழுப்ப முடியாது. ஆனாலும் தம்புரா கேட்கிறதே? கேட்கும். 130, 196, 262 என்று அடிச்சுருதியின் மடங்குகளாக மேலே வரிசையாக வரும் அநுஸ்வரங்கள் காதில் விழுந்தால், அவற்றுக்கு அடியில் 65 இருந்தாக வேண்டும் என்று மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கர் செய்பவர்கள் எல்லாரும் நம்பியிருப்பது இந்த வித்தையைத்தான். சிலர் வேண்டுமென்றே மேல் அநுஸ்வரங்களைக் கூட்டிவிட்டு பேஸ் இருப்பதாக நம்ப வைக்கிறார்கள். அளவோடு செய்தால் தப்பில்லை.

மிருதங்கத்தில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். வலக்கைப் பக்கமான வலந்தலையின் நாதத்தில் அநுஸ்வரங்கள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்பதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். அதனால் வலந்தலை எந்த ஸ்பீக்கரிலும் தலை தப்பும். இடக்கைப் பக்கமான தொப்பியின் 'தோம்' அப்படி இல்லை, அதற்கு அடிச்சத்தம்தான் உயிர். மோசமான ஸ்பீக்கரில் அது அட்டைப்பெட்டியைத் தட்டியது போல வரும். தொப்பியை அழுத்தித் தேய்த்துக் கும்கி இழுக்கும்போது சுருதி ஏறுவது தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் அந்த ஸ்பீக்கருக்கு 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சமாவது கட்டுப்பாடு இருக்கிறது. வெறும் 'டப் டப்' என்றால் இல்லை. விளம்பரத்தில் வரும் நடனப் பாட்டுகளைவிட ஒரு தனியாவர்த்தனம் இந்த உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடும்.

சரி, கடைக்குப் போகலாம். உங்கள் போனையே எடுத்துப் போங்கள். பாட்டுகளை முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குள் நெட் இழுத்து இழுத்து வந்தால் பொறுமை போய்விடும். கடைக்காரர் போடும் டெமோ பாட்டைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அது அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்ததுதான். நான் எடுத்துப் போகச் சொல்வது: ஓர் ஆண் வாசிக்கும் செய்தி, ஒரு தனியாவர்த்தனம், அப்பாவுக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டு, நிறைய வாத்தியங்கள் ஒரே நேரத்தில் மோதும் ஒரு புதுப் பாட்டு. மனப்பாடமான பாட்டு எதற்கென்றால், எங்கே என்ன வர வேண்டும் என்று தெரிந்தால்தான் எது வரவில்லை என்பது தெரியும்.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. சத்தம் கொஞ்சம் கூட இருப்பது எப்போதும் தரமாக இருப்பதாகத் தோன்றும். ஒன்றில் வால்யூம் பாதி, இன்னொன்றிலும் பாதி என்று வைத்தால் சமமாகிவிடாது. செய்தியைப் போட்டு, இரண்டும் காதுக்கு ஒரே சத்தமாகத் தெரியும் வரை தனித்தனியாக ஏற்றி இறக்கி வைத்துவிட்டு, அதற்கப்புறம் பாட்டுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்க வேண்டும். சுவரை ஒட்டிய அலமாரி மூலையில் இருக்கும் ஸ்பீக்கருக்கு இலவசமாக பேஸ் கிடைக்கும். அதே ஸ்பீக்கரைக் கையில் எடுத்துப் பிடித்தால் பாதி காணாமல் போகும்.

இப்போது வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றுங்கள். நல்ல ஸ்பீக்கர் இந்த இடத்தில் பேஸைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கோன் எல்லை மீறி ஆடாமல் இருக்க உள்ளேயே அப்படி ஏற்பாடு உண்டு. அதனால் சத்தம் கூடக்கூட ஒலி கொஞ்சம் மெலிந்து போகும், ஆனால் பாடகர் குரல் அப்படியே நிற்கும். மோசமானது விடாது. ஒவ்வொரு டிரம் அடிக்கும் குரல் ஒரு கணம் அமுங்கி மறுபடி எழும்பும், இல்லையென்றால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கும். இந்த அமுங்கி எழும்புவதை ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு எந்த ஸ்பீக்கரிலும் உங்களுக்குத் தப்பாது. அப்புறம் நேர்மாறாக, வால்யூமை இரண்டு மூன்று புள்ளிக்கு இறக்குங்கள். வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில் அப்பா கேட்கப்போவது அந்த அளவில்தான். சில ஸ்பீக்கர்களில் முதல் புள்ளியே சத்தம் அதிகம், அதற்குக் கீழே ஒரேயடியாக மௌனம். சிலவற்றில் பாட்டு நின்ற பிறகும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும்.

கடைக்காரர் பொறுமைசாலி என்றால் இன்னொன்றும் செய்யலாம். போனில் ஒற்றைச் சுருதி எழுப்பும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நடுத்தர சத்தத்தில் 60 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக 300 வரைக்கும் ஏற்றுங்கள். ஆரம்பத்தில் ஒன்றுமே கேட்காவிட்டால் பரவாயில்லை, அது நேர்மை. 60, 70-லேயே 'டர்ர்' என்று ஏதோ கேட்டால் அது அந்தச் சுருதி இல்லை, கோன் திணறும் சத்தம். 90-லிருந்து 120-க்குள் சுருதி தெளிவாகப் பிடிபட வேண்டும். 150-க்கும் 250-க்கும் நடுவில் ஏதாவது ஓர் இடத்தில் பெட்டி அதிரும், முன்பக்க வலை கிணுகிணுக்கும், அல்லது தொங்கவிடும் கயிற்றின் கொக்கி தாளம் போடும். கொக்கியை விரலால் பிடித்ததும் நின்றால் சரி, கயிற்றைக் கழற்றிவிடலாம். பெட்டிக்குள்ளிருந்து வந்தால் அந்தப் பீஸை வைத்துவிட்டு வேறு பீஸ் கேளுங்கள்.

அப்பாவின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயதானால் காது முதலில் விடுவது மேல் சுருதிகளை. க, ச, த போன்ற மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. பேஸை ஏற்றிவிட்ட ஸ்பீக்கரில் இளைஞர்களுக்குப் பாட்டு ஜோராக இருக்கும், அவருக்குச் செய்தி குழம்பும். உங்கள் காதை மட்டும் நம்பி வாங்காமல் முடிந்தால் அவரையே கூட்டிப் போங்கள். கோ 4-ஐ ஜே.பி.எல்.லின் போன் செயலியோடு இணைத்து பேஸைக் குறைத்து, நடுச் சுருதிகளைக் கொஞ்சம் தூக்கி வைக்கலாம். ஒரு தடவை நீங்கள் செய்துகொடுத்தால் போதும்.

பட்டன்களைக் கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும் விரலுக்கு வேறுபடுகின்றனவா? ஆன் செய்ததும் என்ன சத்தம் போடுகிறது? மலிவு மாடல்கள் பலவற்றில் ஒரு பெண் குரல் முழு சத்தத்தில் 'பவர் ஆன்' என்று அறிவிக்கும், அதைக் குறைக்க வழியே இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்கு அது வீட்டையே எழுப்பிவிடும். எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைகிறது என்றும் கேளுங்கள். அடுத்தது இணைப்பு. கடைசியாக இணைந்த போனைத் தேடிப் பிடிப்பதுதான் இவற்றின் வழக்கம். பேரன் போனில் ஒரு நாள் இணைத்துவிட்டால், அடுத்த நாள் அப்பா ஆன் செய்யும்போது அது பக்கத்து அறையில் இருக்கும் பேரன் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் ஒரே ஒரு போனோடு மட்டும் இணைத்து வைப்பது நிம்மதி. அவர் இதில் போன் பேசவும் விரும்பினால் ஒரு விஷயம்: கோ 2-வில் மைக் இருந்தது, கோ 3-லும் கோ 4-லும் இல்லை.

எஃப்.எம். வசதியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆகாசவாணியின் மத்திய அலை நிலையங்கள் அதில் வராது. எஃப்.எம்.முக்கும் இத்தனூண்டு பெட்டியில் நல்ல ஆன்டெனா வைக்க இடமில்லை, சார்ஜிங் கேபிளைச் செருகினால்தான் ஓரளவு எடுக்கும் மாடல்கள் நிறைய. பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் ஆகாசவாணி நிலையங்கள் நேரடியாகக் கிடைக்கின்றன. அதைப் போனில் போட்டு ஸ்பீக்கருக்கு அனுப்புவது சுத்தமாக இருக்கும். ஆனால் பென்டிரைவ் வேறு விஷயம். போனைத் தொடவே பிடிக்காத பெரியவர்களுக்கு, நூறு பாட்டை ஏற்றி ஒரு பென்டிரைவ் செருகிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. உங்கள் அப்பா ஏற்கெனவே போனில் கேட்பவர் என்பதால் அது பெரிய காரணமாக எனக்குப் படவில்லை.

தூத்துக்குடி என்று சொன்னதால் உப்புக்காற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கோ 4-க்கு ஐ.பி.67 மதிப்பீடு. 6 என்றால் தூசு உள்ளே போகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.5 என்று போட்டிருந்தால் தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும், தூசுக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்பு, சோப்பு, வியர்வை எதற்கும் அதில் உத்தரவாதம் இல்லை. கடலோர ஊர்களில் முதலில் போவது சார்ஜிங் துளைதான். உள்ளே பச்சை படிந்து, கேபிளை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலைக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் விட்டு வைக்காதீர்கள், மாதம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். நனைந்த துளையில் சார்ஜர் செருகவே கூடாது.

மொட்டை மாடியில் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் போய்விடும், திரும்பி வர ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவரின் மூலையில் வைத்து நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பாட்டு விட்டு விட்டு வரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாகவே தடுக்கும்.

சார்ஜ் பற்றி ஒன்று. சர்வீஸுக்கு வரும் மலிவு ஸ்பீக்கர்களில் 'சார்ஜே ஏறவில்லை' என்ற புகார்களில் கணிசமானவற்றில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். இரு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில், மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் மின்சாரம் விடும். அதைத் தெரிவிக்க ஸ்பீக்கருக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு வேண்டும். விலை சில பைசாதான், அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள். பழைய அகல முனை சார்ஜரில் போட்டால் ஏறும், புது போன் சார்ஜரில் ஏறாது. கடையிலேயே உங்கள் போன் சார்ஜரையும் சி-க்கு-சி கேபிளையும் செருகிப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்றால், உள்ளே வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் எஸ்.பி.சி.யா ஏ.ஏ.சி.யா என்ற விவாதம் இந்த அளவு ஸ்பீக்கருக்குத் தேவையில்லை. ஸ்டீரியோவும் அப்படித்தான், ஒரு சாண் பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் எட்டி உட்கார்ந்தால் ஒன்றுதான்.

என் தேர்வு கோ 4. குரல் தெளிவு, 7 மணி நேர பேட்டரி, 190 கிராம் எடை, தண்ணீர் பயம் இல்லாதது, இவை உங்கள் அப்பாவின் நாளுக்குப் பொருந்துகின்றன. மற்றதைச் சோதிக்காமல் தள்ள வேண்டாம். முக்கால் வால்யூமில் குரல் நின்று, சி-க்கு-சி கேபிளில் சார்ஜும் ஏறினால், பாதி விலைக்கு அது மோசமில்லை. எதை எடுத்தாலும் பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது என்றால் பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருக்கலாம், இவற்றில் அதை வீட்டில் மாற்றவும் வழியில்லை. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் பெட்டியிலோ ஸ்பீக்கரின் அடியிலோ இருக்க வேண்டும், 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று காட்டிவிடும். பிரபல மாடல்களுக்குப் போலிகள் சந்தையில் தாராளமாக இருப்பதால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்துவிட்டு, சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.